பொதுவழி கேட்ட பெருமகனார்
திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்க்கைக் குறிப்பு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியோர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் நெடுநேரம் தயங்கவில்லை. காலை வண்டிக்கு விரைந்து செல்லும் நம் காலனி மக்கள் கோரமண்டல் நிலையத்துச் சாலையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடப்பதை அன்றாடம் காண்கின்றோம். தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் தாய்மார்களையும் காண்கின்றோம். இவ்வழியில் நடக்க நீ யார், இந்நீரை மொள்ள நீ யார் என்று இங்கே எவரும் எவரையும் வினவுவதில்லை. நூறாண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் விட்டு வந்த ஊர்களில் நிலைமை இதுவன்று. அந்நிலையை ஒரு சட்டசபையின் நடுவே எழுந்து நின்று, சர்க்காரைப் பார்த்துக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரே இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பெயர் இரட்டைமலை. பெயருக்கு முன் நிற்கும் அச்சொல்லை ஏதோ ஊரின் பெயர் என்றோ மலையின் பெயர் என்றோ நம்மில் பலர் எண்ணியிருத்தல் கூடும். அது தந்தையின் பெயரே. வறுமையினாலும் சாதிக் கொடுமையினாலும் குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்து தஞ்சைப் பக்கம் சென்று, பின்னர்க் கோயம்புத்தூரை அடைந்தது. ஊரை விட்டுப் பெயர்தல் என்றால் என்னவென்று தங்கவயல் தமிழர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோவையில் அவர் கல்வி பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்று நம் நெஞ்சைத் தைத்தது. உடன் பயின்றோரில் மிகப் பெரும்பாலார் பிராமணப் பிள்ளைகள். தம் குலம் யாது, இருப்பிடம் யாது என்று எவரேனும் கேட்டுவிடுவரோ என அஞ்சி, அச்சிறுவர் மணி அடிக்கும் வரையில் பள்ளிக்கு வெளியிலேயே தனித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் எவரோடும் விளையாடாது விரைந்து வீடு திரும்புவாராம். பிறர் தம்மைக் கேள்வி கேட்டுவிடுவரோ என்று அஞ்சி ஒளிந்த அச்சிறுவரே, பிற்காலத்தில் கேள்வி கேட்பதற்கென்றே அமைந்த ஒரு சபையில் அமர்ந்தார் என்பதை நினைக்குந்தோறும் நாம் வியப்படைகின்றோம்.

கல்விக்குப்பின் நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனிகளில் கணக்கராக ஏறக்குறையப் பத்தாண்டுகள் பணியாற்றினார். குமாஸ்தாத் தொழிலிலேயே காலங்கழிக்கும் நமக்கு இச்செய்தி சிறிது பெருமிதம் தருவது, அதனை மறைப்பானேன்? வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்பவன் கண்ணுக்கு, ஊர்ப்பணம் யாரிடமிருந்து வந்தது, யாருக்குச் சென்றது என்பது விரைவில் புலப்பட்டுவிடும். அவருடைய சகோதரியை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். பண்டிதருடைய பௌத்த சங்கத்தின் கிளை நம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதையும், அவர் நடத்திய தமிழன் இதழ் அவர் மறைவுக்குப்பின் 1926 முதல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்ததையும் இங்குள்ள முதியோர் அறிவர். ஆதலால் சீனிவாசனார் நமக்கு அயலார் அல்லர். ஆயினும் மைத்துனர் இருவரும் ஒரே வழியில் சென்றவர் அல்லர். பண்டிதர் பழைய இழிபெயரை நீக்கிப் பூர்வ பௌத்தர் என்னும் பெயரை நிலைநாட்ட முயன்றார். சீனிவாசனாரோ, எப்பெயரால் இகழ்கின்றனரோ அப்பெயரையே தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்னும் கொள்கையினர். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் பறையன் என்னும் பெயராலேயே நான்கு பக்கத்தில் ஒரு திங்களிதழைத் தொடங்கினார். மூன்று மாதங்களுக்குள் அது வார இதழாயிற்று, ஏழாண்டுகள் நடைபெற்றது. அக்காலத்தில் அப்பெயரைத் தலைப்பிலிட்டுத் தெருவில் விற்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அன்று சென்னையில் ஒரு சட்டசபை இல்லாமல் இல்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் அங்கத்தினர்கள் சர்க்காரைக் கேள்வி கேட்கலாம் என்னும் உரிமையும் அப்பொழுதுதான் புதிதாகப் பிறந்திருந்தது. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க இயலாது. கேள்வி கேட்கலாம், விடையைக் கேட்டபின் அதன்மேல் துணைக்கேள்வி எழுப்ப இயலாது. பதில் எத்துணை மழுப்பலாக இருந்தாலும் கேட்டவர் வாய்மூடி அமர வேண்டியதே. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கேட்டவருக்கு மட்டும் துணைக்கேள்வி உரிமையை அளித்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே எந்த அங்கத்தினரும் துணைக்கேள்வி எழுப்பலாம் என்றாயிற்று. இவ்வாறு ஒரு சிறு உரிமை முழுமை பெறுவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் சென்றன.

1893-இல் அச்சபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் ஒருவரும் இலர். தமக்கென வாய் இல்லாத சபையில் யார் கேட்பார்? ஆதலின் சீனிவாசனார் கடல் கடந்து இலண்டன் பார்லிமெண்டையே அணுகினார். சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் உடன் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் வேண்டியிருந்தனர். 1893 ஜூனில் காமன்ஸ் சபையும் அவ்வாறே தீர்மானித்திருந்தது. அதனை எதிர்த்து அவர் ஒரு விண்ணப்பம் அனுப்பினார். 3,412 பேர் கையொப்பமிட்ட அவ்விண்ணப்பம் 112 அடி நீளம் இருந்ததாம். அதனைச் சபையில் சேர்ப்பித்தவர் ஜெனரல் செஸ்னி என்னும் அங்கத்தினர். இச்செயலைக் குறித்து அவரைப் பழிப்போர் உண்டு. நாடு முன்னேறுவதற்கு அவர் தடையாக நின்றார் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. கிணற்றில் நீர் மொள்ள விடாதவர் கையிலேயே கலெக்டர் பதவியும் சென்று சேருமாயின் தம் மக்கள் முறையிடச் செல்லும் இடம் யாது என்பதே அவர் கவலை. அக்கவலை பொய் என்று அந்நாளில் யார் சொல்லியிருக்க முடியும்?

1900-ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டை நீங்கினார். கிழக்காப்பிரிக்காவிலும், பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலிலும் ஏறக்குறைய இருபதாண்டுகள் வாழ்ந்தார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடமே என்பர். இக்காலத்தைப் பற்றி மேலும் விரிக்காது செல்கின்றோம். தம் ஊரில் பொதுத்தெருவில் நடக்க உரிமையற்ற ஒருவர், அயல்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காளிக்கும் நீதிபதிக்கும் நடுவே நின்று இருவர் சொல்லையும் எடுத்துரைத்தார் என்பது ஒன்றே போதும்.

அவர் திரும்பி வந்தபோது சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் 98 பேர். அவர்களுடன் கவர்னரால் நியமிக்கப்பட்டோரும் சபையில் அமர்ந்தனர். ஸ்தல ஸ்தாபனம், கல்வி, சுகாதாரம் முதலியவை மந்திரிகள் வசம். போலீஸ், நிதி, நிலவரி முதலியவை கவர்னரின் நிர்வாகசபை வசம். ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் முதல் பிரதிநிதியாக 1920-இல் எம். சி. ராஜா அவர்கள் நியமனம் பெற்றிருந்தார். 1923-இல் சீனிவாசனாரும் நியமன அங்கத்தினர் ஆனார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. நம் அலுவலகத்திலாயின் ஓய்வூதியத்தில் அனுப்பியிருப்பர்.

நியமன அங்கத்தினர் என்றால் யார்? வாக்காளர் அனுப்பியவர் அல்லர், கவர்னர் அழைத்தவர். அழைத்தவரையே கேள்வி கேட்க வேண்டும். அடுத்த முறையும் அழைக்கப்பட வேண்டும். இந்நிலையில் சிலர் தலையாட்டியே காலங்கழித்தனர். சீனிவாசனாருடைய முறை வேறு. உரத்துப் பேசி மேசையைத் தட்டும் முறையும் அன்று. அதற்கு அதே சபையில் பல்கலைக்கழகத் தொகுதியின் சத்தியமூர்த்தி போன்ற நாவலர் இருந்தனர். சர்க்கார் இல்லை என்று சொல்ல இயலாத வகையில் ஒரு பொருளை வகுத்து, அதனைச் சபை முன் வைப்பது இவர் முறை.

1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பொருளை நம் சொல்லில் கூறுவோம். மாகாணத்தின் எந்த நகரத்திலும் எந்தக் கிராமத்திலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பதையும், பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொது அலுவல் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வளவில் பயன்படுத்துகின்றனரோ அவ்வளவில் ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பதையும் சர்க்கார் தம் கொள்கையாக ஏற்று அறிவிக்க வேண்டும். இதுவே சுருக்கம்.

இதில் உள்ள நுட்பத்தை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம். கோயிலைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. எவர் வீட்டுக் கிணற்றைப் பற்றியும் இல்லை. பொதுப்பணத்தில் அமைந்தவற்றைப் பற்றி மட்டுமே இத்தீர்மானம் பேசுகிறது. சாலை போட்டது ஜில்லா போர்டு. கிணறு வெட்டியது தாலுகா போர்டு. அந்தப் போர்டுகளுக்குப் பணம் வந்தது நிலத்தின்மேல் விதித்த செஸ் வரியிலிருந்தும் சர்க்கார் மானியத்திலிருந்தும். அந்நிலத்தில் உழைத்து வரிக்கு வழிசெய்தவன் சேரியில் இருக்கிறான். அவன் உழைப்பால் வந்த பணத்தில் வெட்டிய கிணற்றில் அவன் இறங்கக்கூடாது என்பது எந்தக் கணக்கில் சேரும்? கணக்கர் ஒருவர் கண்டுபிடிக்கக்கூடிய தவறு இது. சமயத்தைத் தொட்டால் நூறு சாத்திரங்கள் எதிரே வந்து நிற்கும். செலவுக் கணக்கைத் தொட்டால் எதிர்த்துச் சொல்ல எவருக்கும் வாய் எழாது. சபையும் தீர்மானத்தை ஏற்றது. ஸ்தல ஸ்தாபன இலாகாவைத் தம்மிடம் வைத்திருந்தவர் முதல் மந்திரி பனகல் அரசர். சர்க்கார் உத்தரவு பிறந்து, 1925 பிப்ரவரியில் அரசிதழிலும் அறிவிக்கப்பெற்றது.

அதே பிப்ரவரித் திங்களில் திருவிதாங்கூரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளை எல்லோர்க்கும் திறந்துவிடக் கோரிய தீர்மானம் அச்சமஸ்தானத்தின் சட்டசபையில் 21 வாக்குகளுக்கு எதிராக 22 வாக்குகளால் தோற்றது. ஒரே ஒரு வாக்கு! வெளியே சத்தியாக்கிரகிகள் வெயிலிலும் வெள்ளத்திலும் நின்றுகொண்டிருந்தனர். பம்பாயில் இதற்கு ஓராண்டு முன்னரே, 1923 ஆகஸ்டில், போலே என்பவர் பொது நீர்நிலைகளைப் பற்றி இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார். மகாடு நகரசபையும் அதனை ஏற்றது. ஆயினும் 1927 மார்ச்சு 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் அவ்வூர்ச் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியபோது கலகம் மூண்டது. ஆதலின் தீர்மானம் என்பது பாதி வேலையே.

சென்னையிலும் அவ்வாறே. அக்காலச் சட்டப்படி சபையின் தீர்மானம் சர்க்காருக்குச் செய்யும் பரிந்துரை மட்டுமே. அதனை மீறியவனைத் தண்டிக்க அதில் இடமில்லை. அக்குறையைக் கண்டவர் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் என்னும் மற்றொரு நியமன அங்கத்தினர். பொதுவழியிலும் பொதுக்கிணற்றிலும் தடுப்போர்க்கு அபராதம் விதிக்கும் திருத்தத்தை ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தில் சேர்க்குமாறு அவர் மசோதா கொண்டுவந்து, அது 1926-இல் சட்டமாயிற்று. ஒருவர் கொள்கையை வாங்கினார். மற்றொருவர் அதற்குப் பல் வைத்தார்.

சட்டம் பிறந்தபின் எஞ்சியிருப்பது கேள்வியே. ஒரு கேள்விக்குப் பின்னால் நிகழ்வது யாது என்பதை நாம் நம் அனுபவத்தால் அறிவோம். பார்லிமெண்டில் யாரோ ஓர் அங்கத்தினர் ஏதோ ஒரு நிலையத்தில் குடிநீர்க்குழாய் எத்தனை என்று கேட்டுவிடுவார். அக்கேள்வி ரயில்வே போர்டிலிருந்து மண்டலத்திற்கும், மண்டலத்திலிருந்து டிவிஷனுக்கும், டிவிஷனிலிருந்து நம் மேசைக்கும் வந்து சேரும்போது மாலை நான்கு மணி ஆகியிருக்கும். விடையோ அன்றே வேண்டும். அதுவரை ஆறு மாதம் உறங்கிய கோப்பு அன்று விழித்துக்கொள்ளும். ஒழுகாமல் கிடந்த குழாயை அன்றே ஒருவர் ஓடிச் சென்று பழுது பார்ப்பதையும் கண்டிருக்கின்றோம்; அதனால் விடையில் எல்லாக் குழாய்களும் நன்னிலையில் உள்ளன என்று மெய்யாகவே எழுதலாம் அன்றோ! நாம் சிரித்துக்கொண்டு எழுதினாலும் செய்தி உண்மை. அக்காலத்திலும் இவ்வாறே, கோட்டையில் எழும் கேள்வி கலெக்டருக்கும், தாசில்தாருக்கும், முடிவில் கிராம முன்சீப்புக்கும் கர்ணத்துக்கும் இறங்கி வரும். சேரியைத் திரும்பியும் பாராத கர்ணம், சேரியில் கிணறு உண்டா இல்லையா என்று தன் கையால் எழுதி ஒப்பமிட்டு மேலே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டாயமே ஒரு வெற்றி. கேள்வி எழாத இடத்தில் கோப்பு நகராது. நம் காலனிச் சாக்கடைக்காக நாம் கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் எத்தனை ஆண்டு உறங்கிற்று என்பதைச் சங்கத்தார் மறந்திரார்.

கேள்வியோடு மற்றொரு கருவியும் சபையினர் கையில் இருந்தது. மார்ச்சுத் திங்களில் மானியக் கோரிக்கைகள் வரும்போது, ஏதேனும் ஓர் இலாகாவின் தொகையில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று ஒருவர் பிரேரணை கொண்டுவருவார். நூறு ரூபாய் அவர் நோக்கமன்று. அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்து அவ்விலாகாவின் குறைகளையெல்லாம் சபையில் கொட்டலாம். ஒடுக்கப்பட்டோர்க்கு மனைநிலம், கிணறு, பள்ளி முதலியவற்றை ஏற்படுத்துவதற்கு லேபர் கமிஷனர் இலாகா அமைந்திருந்தது. லேபர் ஸ்கூல் என்று வடஆர்க்காட்டு முதியோர் வழங்கிய பெயர் அவ்விலாகாவின் பள்ளிகளைக் குறித்ததே. அதற்கு ஒதுக்கும் தொகை போதுமா, ஒதுக்கியது சென்று சேர்ந்ததா என்பது ஆண்டுதோறும் எழுந்த வழக்கு.

இத்தனைக்குப் பின்னரும் கிராமம் உடனே மாறிவிடவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளை விதித்தனர். நகை அணியலாகாது, ஆடவர் இடைக்குமேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை உடுத்தலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்றெல்லாம் அவை விரிந்தன. அடுத்த ஆண்டு மேலும் பதினொரு தடைகள் சேர்ந்தன. அரசிதழ் அச்சாகி ஆறாண்டுகள் ஆகியும் இந்நிலை. நம் பாட்டியார் குடியாத்தத்துப் பக்கம் தாம் சிறுமியாயிருந்தபோது, கிணற்றங்கரைக்குச் சற்று அப்பால் குடத்தை வைத்துவிட்டு, மேலிருந்து யாரேனும் ஊற்றுவார்களா என்று உச்சிவேளை வரை காத்துக் கிடந்ததைச் சொல்லியிருக்கிறார். தங்கவயலுக்கு வந்து சுரங்க லைனில் குழாயைத் தாமே திருகி நீர் பிடித்த முதல் நாளை அவர் தம் திருமண நாளைவிடத் தெளிவாக நினைவு வைத்திருந்தார். சுரங்கத்தில் பாறை வெடித்து மாண்டவர் பலர். நுரையீரலில் தூசி படிந்து இருமி மாண்டவர் பலர். ஆயினும் ஊருக்குத் திரும்பிச் செல்லாமைக்குக் காரணம் கூலி மட்டுமன்று என்பதை அப்பேச்சிலிருந்து நாம் அறிந்தோம்.

சீனிவாசனாருடைய பிற்காலச் செய்திகளைச் சுருங்கக் கூறுவோம். 1930-இலும் 1931-இலும் இலண்டன் வட்டமேஜை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாக அமர்ந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் தீண்டாமை என்பது யாது என்று தாமே விளக்கினார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் முறையே வந்தன. பட்டங்களை அவர் மறுக்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அவை சர்க்காரின் கதவைத் தட்டுவதற்கு உதவின என்று நாம் கருதுகிறோம். எனினும் சர்க்காரோடு சற்று அதிகமாகவே இணங்கிச் சென்றார் என்னும் கூற்றில் சிறிது உண்மை இருத்தலும் கூடும். 1939-இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தைத் தாமே எழுதி வெளியிட்டார், மெல்லிய நூல். அதற்கு முந்திய ஆண்டில், எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் சென்னையில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது.

1945 செப்டம்பர் 18-ஆம் நாள் அவர் காலமானார். சுதந்திரத்தை அவர் காணவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் ஷரத்தை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கின்றனர். கடைகள், கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள், சாலைகள் என்று அது வரிசையாகச் சொல்லிச் செல்வதையும், அவை முழுவதுமோ ஒரு பகுதியோ அரசுப் பணத்தில் பேணப்படுவதைத் தனியே குறிப்பதையும் காணும்போது, கோட்டையில் 1924-இல் வைத்த தீர்மானம் நம் கண்முன் வருகின்றது.

2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. கோரமண்டலிலிருந்து செல்ல விரும்பும் அன்பர்கள் பங்காருப்பேட்டையில் வண்டி மாறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குக. எதிரே உள்ள பார்க் நிலையத்தில் தாம்பரம் செல்லும் புறநகர் வண்டியைப் பிடித்தால் கிண்டியில் இறங்கலாம். அங்கிருந்து பஸ் உண்டு. குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வோர் அரை டிக்கெட்டு எடுக்க மறவாதிருக்க.